ஊர்ப் பதிவேடுகளை அறிந்துகொள்வோம்

உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழனுடைய காலத்துக் கல்வெட்டுக்கள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் வாரியத்தில் அமர்வதற்கு உரியவர் யார் என்பதை அவை வரையறுக்கின்றன. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராக இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக்கொண்டு வாழ்பவராக இருத்தல் வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் குடவோலைக்கு உரியவர் அல்லர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நிலம், மனை, வரி, கணக்கு ஆகிய நான்கும் ஊராட்சியின் தூண்களாகக் கருதப்பட்டன என்பது இதனால் விளங்கும்.

இன்று நிலம் உடையவரே ஊராட்சி மன்றத்தில் அமரலாம் என்ற விதி இல்லை. வயது வந்தோர் யாவரும் வாக்களிக்கின்றனர். ஏழை எளியவரும் தலைவராகின்றனர். ஆயினும் ஊராட்சிக்குச் செலுத்த வேண்டிய வரியைக் கேட்பு அறிவிப்புப் பெற்ற பின்னும் நிலுவையில் வைத்திருப்பவர் தேர்தலில் நிற்பதற்குத் தடை உண்டு. பழைய நெறியின் சாயல் இதில் தெரிகிறது.

நமது கிராமங்களில் நிலம் உழுபவர் பலர். நிலத்தின் பதிவைப் படிக்கத் தெரிந்தவர் சிலர். தந்தை காலமாகி இருபது ஆண்டுகள் ஆகியும் பட்டா அவர் பெயரிலேயே இருக்கும். புயலினால் பயிர் அழிந்து நிவாரணம் வழங்கப்படும்போதும், சாலைக்காக நிலம் எடுக்கப்பட்டு இழப்பீடு வழங்கப்படும்போதும், கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடன் கேட்கும்போதும்தான் இக்குறை வெளிப்படும். அப்பொழுது ஓடுவதைக் காட்டிலும், அமைதியான காலத்தில் பதிவுகளை அறிந்து திருத்திக்கொள்வதே அறிவுடைமை. ஆதலின், எந்தப் பதிவு எங்கே இருக்கிறது, அதனை எவ்வாறு படிப்பது, வரிகள் எவ்வாறு கணக்கிடப்படுகின்றன என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பதிவுகள் வந்த வழி

நிலத்தை அளந்து கணக்கு வைக்கும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழையது. முதலாம் இராசராசன் காலத்தில் சோழநாட்டு நிலங்கள் அளக்கப்பட்டன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக்கள் நிலப்பரப்பை மிக நுண்ணிய பின்னங்கள் வரை கூறுகின்றன.

இக்காலப் பதிவேடுகளுக்கு அடிப்படையாக உள்ளது இரயத்துவாரி முறை. 1792ஆம் ஆண்டில் பாராமகால் பகுதி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அங்கு அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் இம்முறைக்கு வித்திட்டனர். மன்றோ 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தபோது அது வேரூன்றியது. இடைத்தரகர் இன்றி, ஒவ்வொரு குடியானவரும் தம் நிலத்துக்கு உரிய தீர்வையை நேரே அரசுக்குச் செலுத்துவதே அதன் கருத்து. அதற்கு ஒவ்வொரு புலமும் அளக்கப்பட்டு, எண் இடப்பட்டு, மண்ணின் தரம் ஆராயப்பட்டுத் தீர்வை விதிக்கப்படல் வேண்டும். பட்டா, சிட்டா, அடங்கல் ஆகியவை இத்தேவையினால் நிலைபெற்றன.

ஜமீன் கிராமங்களில் இந்நிலை பின்னரே ஏற்பட்டது. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தினாலும், 1963ஆம் ஆண்டின் இனாம் ஒழிப்புச் சட்டங்களினாலும் அவையும் இரயத்துவாரி நிலங்களாயின.

நெடுங்காலம் ஊர்க் கணக்கைப் பேணியவர் கர்ணம். மணியக்காரர் தீர்வையை வசூலித்தார். 1980ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இப்பரம்பரைப் பதவிகள் ஒழிக்கப்பட்டன. அவற்றின் இடத்தில் கிராம நிர்வாக அலுவலர் நியமிக்கப்பட்டார். 1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடைபெற்றது. மக்கள் இதனை ‘யு.டி.ஆர்.’ என்றே வழங்குகின்றனர். அப்போது பதிவுகள் புதுப்பிக்கப்பட்டன; ஏக்கர், சென்ட் அளவுகள் ஹெக்டேர், ஏர் அளவுகளாக மாற்றப்பட்டன. இன்று நாம் காணும் பட்டாக்களில் பெரும்பாலானவை அத்திட்டத்தின் வழிவந்தவை. அப்போது பெயரிலோ பரப்பிலோ நேர்ந்த பிழைகள் சில இன்றும் பதிவில் தொடர்கின்றன என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும்.

எந்தப் பதிவு எங்கே உள்ளது?

நிலத்தைப் பற்றிய பதிவுகள் மூன்று இடங்களில் உள்ளன. முதலாவது, வருவாய்த் துறை. கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் சிட்டா, ‘அ’ பதிவேடு, அடங்கல், புலப்படம் ஆகியவை உள்ளன. இரண்டாவது, பதிவுத் துறை. சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, தானம் முதலிய பத்திரங்களின் நகல்கள் உள்ளன. மூன்றாவது, ஊராட்சி அலுவலகம். அங்கு வீட்டு வரிப் பதிவேடு உள்ளது.

இம்மூன்றும் தனித்தனியானவை. பத்திரம் பதிந்துவிட்டால் பட்டாவும் வீட்டு வரியும் தாமே மாறிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். புலம் முழுவதும் விற்கப்பட்டு, விற்றவர் பெயரிலேயே பட்டாவும் இருந்து, உட்பிரிவு செய்யத் தேவை இல்லாத இனங்களில், பத்திரப் பதிவின் தொடர்ச்சியாகவே பட்டா மாறும் முறை அண்மை ஆண்டுகளில் வந்துள்ளது. மற்ற இனங்களில் நாமே விண்ணப்பித்தல் வேண்டும். ஒரு பதிவு மாறிய பின்னர் மற்ற இரண்டும் மாறினவா என்று பார்ப்பது உரிமையாளரின் கடமை.

வருவாய்ப் பதிவுகளில் பலவற்றை இன்று கணினி வழியே எவரும் பார்க்கலாம். அருகில் உள்ள இ-சேவை மையத்திலும் நகல் பெறலாம். மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது புல எண் ஆகியவை தெரிந்திருந்தால் போதும். எனவே தம் நிலத்தின் புல எண்ணை ஒவ்வொரு குடும்பத்தினரும் மனப்பாடமாக அறிந்திருத்தல் நலம்.

சிட்டாவைப் படித்தல்

சிட்டா என்பது ஒரு பட்டாதாரருக்கு அந்தக் கிராமத்தில் உள்ள நிலங்களை எல்லாம் ஓரிடத்தில் தொகுத்துக் கூறும் கணக்கு. மேலே பட்டா எண்ணும், உரிமையாளர் பெயரும், தந்தை அல்லது கணவர் பெயரும் இருக்கும். கீழே புல எண், உட்பிரிவு எண், நன்செய், புன்செய், மற்றவை என்ற தலைப்புகளின்கீழ்ப் பரப்பும் தீர்வையும் இருக்கும்.

முதலில் பெயர்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரே பெயர் இருந்தால் தனிப் பட்டா. பல பெயர்கள் இருந்தால் கூட்டுப் பட்டா. கூட்டுப் பட்டாவில் உள்ள ஒருவர் மட்டும் முழு நிலத்தையும் விற்க இயலாது. யாருக்கு எந்தப் பகுதி என்பதைக் கூட்டுப் பட்டா தானே கூறிவிடாது. அதற்குப் பாகப்பிரிவினைப் பத்திரமோ நீதிமன்றத் தீர்ப்போ வேண்டும்.

அடுத்துப் பரப்பு. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். ‘0 - 40.50’ என்று இருந்தால், அது நாற்பதரை சென்ட் அன்று. முதல் எண் ஹெக்டேர். அடுத்த எண் ஏர். 40.50 ஏர் என்பது ஏறத்தாழ ஒரு ஏக்கர். இதனை அறியாமல் ஒரு ஏக்கர் நிலத்தை நாற்பதரை சென்ட் எனக் கருதி விலை பேசியவர், பாதிக்கு மேற்பட்ட நிலத்தை இழந்தவர் ஆவார். கீழ்க்கண்ட அளவுகளைக் குறித்து வைத்துக்கொள்க:

1 சென்ட் = 435.6 சதுர அடி
100 சென்ட் = 1 ஏக்கர்
1 ஏர் = 100 சதுர மீட்டர் = ஏறத்தாழ 2.47 சென்ட்
100 ஏர் = 1 ஹெக்டேர் = ஏறத்தாழ 2.47 ஏக்கர்

ஏர்க் கணக்கைச் சென்ட்டாக்க 2.47ஆல் பெருக்குதல் வேண்டும். தஞ்சைப் பகுதியின் பழைய பத்திரங்களில் குழி, மா, வேலி என்ற அளவுகள் வரும். அங்கே 144 சதுர அடி ஒரு குழி. 100 குழி ஒரு மா, அதாவது ஏறத்தாழ 33 சென்ட். 20 மா ஒரு வேலி, அதாவது ஏறத்தாழ 6.6 ஏக்கர். குழியின் அளவு பகுதிக்குப் பகுதி வேறுபடும் ஆதலால், பத்திரம் எந்தப் பகுதியின் கணக்கில் எழுதப்பட்டது என்று கேட்டறிந்த பின்னரே கணக்கிடுதல் வேண்டும்.

‘அ’ பதிவேடும் அடங்கலும்

சிட்டா ஆளை வைத்துத் தொடங்குகிறது. ‘அ’ பதிவேடு நிலத்தை வைத்துத் தொடங்குகிறது. கிராமத்தின் முதல் புலத்திலிருந்து கடைசிப் புலம் வரை ஒவ்வொன்றும் அதில் வரிசையாக இடம்பெறும். தனியார் நிலம் மட்டும் அன்றி ஏரி, ஓடை, வண்டிப்பாதை, சுடுகாடு, மேய்க்கால் ஆகிய யாவும் அதில் உண்டு. ஆகையால் ஊராட்சி மன்ற உறுப்பினர் முதலில் படிக்க வேண்டியது இப்பதிவேடே.

அதில் பழைய புல எண், நன்செய் புன்செய் வகை, பாசன ஆதாரம், இருபோகமா என்னும் விவரம், மண் வயனமும் ரகமும், தரம், தீர்வை வீதம், பரப்பு, மொத்தத் தீர்வை, பட்டா எண்ணும் பெயரும், குறிப்பு ஆகிய கலங்கள் உள்ளன. பழைய புல எண்ணுக்கு உரிய கலம் மிகவும் பயனுள்ளது. பாட்டனார் காலத்துப் பத்திரத்தில் ஓர் எண்ணும் இன்றைய பட்டாவில் வேறோர் எண்ணும் இருக்கும்போது, இரண்டும் ஒரே நிலம்தானா என்பதை இக்கலமே காட்டிக் கொடுக்கும்.

குறிப்புக் கலத்தையும் விடாமல் படித்தல் வேண்டும். நிபந்தனையுடன் வழங்கப்பட்ட நிலமாயின் அதன் அடையாளம் பதிவுகளில் இருத்தல் வேண்டும். 1892ஆம் ஆண்டின் அரசாணையை ஒட்டித் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் இத்தகையவை. அவற்றை மற்ற வகுப்பினர் விலைக்கு வாங்குவது நிபந்தனைக்கு மாறானது. அறியாமல் வாங்கியவருக்குப் பணம் போகும். அறிந்து வாங்கியவர் ஏழையின் உரிமையைப் பறித்தவராவார்.

அடங்கல் என்பது இரண்டாம் எண் கிராமக் கணக்கு. எந்தப் புலத்தில் யார், என்ன பயிர், எவ்வளவு பரப்பில், எந்தப் பாசனத்தில் சாகுபடி செய்தார் என்பதைப் பசலிதோறும் அது கூறும். பசலி ஆண்டு ஜூலை முதல் தேதி தொடங்கி ஜூன் 30ஆம் தேதி முடிவது. தொடங்கும் ஆங்கில ஆண்டிலிருந்து 590ஐக் கழித்தால் பசலி கிடைக்கும். 2024 ஜூலையில் தொடங்கியது 1434ஆம் பசலி.

பயிர்க் கடனுக்கும் காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் அடங்கல் ஆதாரமாகிறது. வயலைப் பார்க்காமல் சென்ற ஆண்டுக் கணக்கையே இவ்வாண்டும் எழுதினால், நெல் பயிரிட்டவர் கணக்கில் தரிசு என்றிருக்கும். விதைத்து முளைத்தவுடன் கிராம நிர்வாக அலுவலரைக் கண்டு, தம் பயிர் அடங்கலில் ஏறியதா என்று கேட்பது ஒவ்வொரு விவசாயியின் வழக்கமாதல் வேண்டும். குத்தகைக்கு உழுபவர்கள் 1969ஆம் ஆண்டின் விவசாய நிலக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்கீழ்த் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ள வழி உண்டு என்பதையும் அறிதல் வேண்டும்.

புலப்படமும் எல்லைக் கல்லும்

வரப்புச் சண்டைகள் பலவற்றுக்கு விடை புலப்படத்தில் இருக்கிறது. ஒவ்வொரு புலத்துக்கும் தனிப் படம் உண்டு. அதில் புலத்தின் வடிவமும், பக்கங்களின் நீளமும், கற்களின் இடமும், உட்பிரிவுகளும், அடுத்த புலங்களின் எண்களும் காட்டப்பட்டிருக்கும். பழைய படங்களில் நீளம் சங்கிலிக் கணக்கில் இருக்கும்; 66 அடி கொண்ட ஒரு சங்கிலி நூறு கண்ணிகளாகப் பகுக்கப்பட்டது. புதிய படங்களில் மீட்டர் கணக்கு உள்ளது.

வரப்பில் ஐயம் தோன்றினால், கைகலப்புக்கு முன்னர்க் கட்டணம் செலுத்தி நில அளவைக்கு விண்ணப்பித்தல் வேண்டும். நில அளவர் அண்டை நிலத்தாருக்கு அறிவிப்புக் கொடுத்து, கல்லிலிருந்து அளந்து எல்லையைக் காட்டுவார். கல் இல்லாவிடில் அளவை கடினமாகும். 1923ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டத்தின்படி எல்லைக் கற்களைப் பேணுவது நிலத்துக்கு உரியவர் பொறுப்பு. அவற்றைப் பிடுங்குவதும் அழிப்பதும் குற்றம். இயந்திரம் கொண்டு உழும் இக்காலத்தில், உழவு தொடங்குமுன் கல் இருக்கும் இடத்தில் ஒரு கழியை நட்டு அடையாளம் வைப்பது நலம்.

பத்திரமும் வில்லங்கச் சான்றும்

நிலம் வாங்குபவர் பட்டாவை மட்டும் பார்த்தல் போதாது. விற்பவருக்கு அந்நிலம் எவ்வாறு வந்தது என்பதைக் காட்டும் மூலப் பத்திரங்களைத் தொடர்ச்சியாகப் பார்த்தல் வேண்டும். அதன்பின் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெறுதல் வேண்டும். குறித்த காலத்தில் அந்தச் சொத்தின்மீது பதிவான கிரயம், அடமானம், பாகப்பிரிவினை முதலியவை அதில் வரும். முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் பார்ப்பது வழக்கம்.

வில்லங்கச் சான்றுக்கும் எல்லை உண்டு. பதிவு செய்யப்படாத எதுவும் அதில் வாராது. வாய்மொழிப் பாகப்பிரிவினை, பதியாத உயில், கைக்கடன், நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு ஆகியவற்றை அதில் காண இயலாமற் போகலாம். எனவே ஊரில் விசாரிப்பதும், நிலத்தை நேரில் சென்று பார்த்து யார் அனுபோகத்தில் இருக்கிறார் என்று அறிவதும் இன்றியமையாதவை. பத்திரத்தில் உள்ள நான்குமால் விவரத்தையும் புலப்படத்தையும் ஒத்துப் பார்த்த பின்னரே முன்பணம் கொடுத்தல் வேண்டும்.

1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, எழுதிக் கையொப்பமிட்ட நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்தல் வேண்டும். உண்மையான விலையைப் பத்திரத்தில் காட்டுவது ஊருக்கும் நன்மை. முத்திரைத் தீர்வையோடு வசூலிக்கப்படும் மிகுவரி உள்ளாட்சி மன்றங்களுக்கு உரியது.

பட்டாவே உரிமை ஆகுமா?

பட்டா தம் பெயரில் இருப்பதால் நிலம் தமதே என்று கூறுவோர் உண்டு. பட்டா இல்லாததால் உரிமையே போயிற்று என்று வருந்துவோரும் உண்டு. இரண்டும் பிழை. பட்டா என்பது தீர்வை செலுத்தப் பொறுப்புடையவர் யார் என்பதற்காக வருவாய்த் துறை வைத்துள்ள பதிவு. அது அனுபோகத்துக்கு நல்ல சான்று; ஆனால் உரிமையைப் பிறப்பிப்பதும் இல்லை, அழிப்பதும் இல்லை. உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் இதனைத் தெளிவுபடுத்தியுள்ளது. உரிமையில் தகராறு ஏற்பட்டால் உரிமையியல் நீதிமன்றமே முடிவு கூறும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தந்தைக்கு மூன்று ஏக்கர் சுயார்ஜித நிலம். அவர் உயில் எழுதாமல் காலமானார். அவருக்கு முன்பே மனைவி மறைந்துவிட்டார். இரண்டு மகன்களும் ஒரு மகளும் உள்ளனர். மூத்தவர் தம் பெயரிலும் தம்பி பெயரிலும் மட்டும் பட்டா மாற்றிக்கொண்டார். மகள் வேற்றூரில் வாழ்கிறார். அவர் பெயர் பட்டாவில் இல்லை. ஆயினும் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய ஒரு ஏக்கர் அவருக்கே உரியது. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலும், நாடு முழுவதும் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலும் வழங்கப்பட்டுள்ளது. சகோதரர்கள் இருவர் மட்டும் கையெழுத்திட்டு மூன்று ஏக்கரையும் விற்றால், வாங்கியவர் வழக்கைச் சேர்த்தே வாங்கியவராவார். உடன்பிறந்தாரிடையே உறவும் முறியும். தொடக்கத்திலேயே மூன்று பெயரையும் பதிந்திருந்தால் இவை யாவும் நேராதிருக்கும்.

பட்டா மாறுதல் செய்யும் முறை

பட்டா மாறுதல் இரு வகைப்படும். புலம் முழுவதும் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறுவது ஒன்று. புலத்தின் ஒரு பகுதி மட்டும் மாறுவதால் உட்பிரிவு செய்ய வேண்டியது மற்றொன்று. இரண்டாவது வகையில் நில அளவர் நேரில் வந்து அளந்து புதிய உட்பிரிவு எண் கொடுப்பார். விலைக்கு வாங்கியவர் கிரயப் பத்திரத்தையும், வாரிசாக வந்தவர்கள் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றையும் இணைத்து விண்ணப்பித்தல் வேண்டும். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

வட்டாட்சியரின் ஆணை சரியன்று எனக் கருதுபவர், 1983ஆம் ஆண்டின் பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தின்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதன்மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு மனு அளிக்கலாம். விண்ணப்பம் தள்ளப்பட்டால் அதற்குரிய காரணத்தை எழுத்து மூலம் பெற்றுக்கொள்வது மேல்முறையீட்டுக்குத் துணையாகும்.

வீட்டு மனைகளைப் பற்றியும் ஒரு சொல். ஊரின் குடியிருப்புப் பகுதி நத்தம் எனப்படும். நத்தம் நிலவரித் திட்டத்தில் முதலில் தோராயப் பட்டாவும், ஆட்சேபணைகளைக் கேட்டு முடித்தபின் தூய பட்டாவும் வழங்கப்பட்டன. தோராயப் பட்டா மட்டும் வைத்திருப்போர் தூய பட்டா யார் பெயரில் எவ்வளவு பரப்புக்கு ஏற்பட்டது என்பதைச் சரிபார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

நில வரியும் வீட்டு வரியும்

நில வரியைக் கணக்கிடுவது எளிது. ‘அ’ பதிவேட்டில் உள்ள தீர்வை வீதத்தைப் பரப்பினால் பெருக்குதல் வேண்டும். ஹெக்டேருக்கு 4 ரூபாய் வீதம் என்று கொண்டால், 40.50 ஏருக்குத் தீர்வை 1 ரூபாய் 62 காசு. இதனோடு தல வரியும் தல மேல்வரியும் சேரும். தொகை சிறிதென்று கிஸ்தியைப் பலர் புறக்கணிக்கின்றனர். ஆண்டுதோறும் பெற்ற கிஸ்து இரசீதுகள் நீண்டகால அனுபோகத்துக்கு நல்ல சாட்சியாக நிற்கும் என்பதை அவர்கள் உணர்தல் வேண்டும்.

வீட்டு வரி ஊராட்சியின் சொந்த வருவாய். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அதனை விதிக்கும் அதிகாரத்தை ஊராட்சிக்கு அளித்துள்ளது. அரசின் விதிகளுக்கு உட்பட்டு வரி நிர்ணயிக்கப்படுகிறது. அதனோடு ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலக வரியும் சேரும். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின் பயன் இது. எனவே 100 ரூபாய் வீட்டு வரிக்கு 110 ரூபாய் செலுத்துதல் வேண்டும். இரசீதில் வரி விதிப்பு எண், பெயர், கதவு எண், எந்த ஆண்டுக்கு உரியது என்னும் விவரம், தொகை ஆகியவை சரியாக உள்ளனவா என்று உடனே பார்த்தல் வேண்டும். ஊராட்சியின் கணக்கு ஆண்டு ஏப்ரலில் தொடங்குவது. பசலியோடு இதனைக் குழப்புதல் ஆகாது.

வீட்டு வரி இரசீதும் உரிமைப் பத்திரம் அன்று. ஓடைப் புறம்போக்கில் கட்டிய வீட்டுக்கு வரி செலுத்தியதால் ஓடை ஒருவருக்குச் சொந்தமாகிவிடாது. இதனை மக்களுக்கு எடுத்துக் கூறுவது உறுப்பினர்களின் கடமை.

ஊராட்சியின் கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேட்டை உறுப்பினர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தெருத் தெருவாக ஒத்துப் பார்த்தல் வேண்டும். ஓர் ஊரில் 680 வீடுகள் உள்ளன. பதிவேட்டில் 600 வீடுகளே உள்ளன என்று கொள்வோம். வீட்டுக்கு 100 ரூபாய் என்றாலும் ஆண்டுக்கு 8,000 ரூபாய் ஊருக்கு வாராமற் போகிறது. தெரு விளக்குக்கும் குடிநீர்க் குழாய்ப் பழுதுக்கும் பணம் இல்லை என்று கூறும் ஊராட்சி, முதலில் இந்த எண்பது வீடுகளை எண்ணுதல் வேண்டும். அந்த எண்பதில் வலியவர்களின் மாடி வீடுகளும் இருக்குமாயின், ஒழுங்காக வரி செலுத்தும் கூரை வீட்டாருக்கு இழைக்கப்படும் அநீதியும் ஆகும்.

பொது நிலத்தின் காவலர்கள்

மேய்க்கால், நெற்களம், இடுகாடு, சுடுகாடு, மந்தை, வண்டிப்பேட்டை, தோப்பு ஆகிய புறம்போக்குகள், அரசுக்குத் தனித் தேவை இல்லாதவிடத்து, ஊராட்சியின் பொறுப்பில் அடங்கும். ஏரி, குளங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. பொதுவான ஆக்கிரமிப்புக்கு 1905ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. சட்டம் இருந்தும், எந்தப் புல எண் ஓடை, எவ்வளவு பரப்பு என்று அறியாத ஊரில் ஓடை ஆண்டுக்கு ஒரு முழம் குறுகும். பத்து ஆண்டுகளில் வெள்ளம் ஊருக்குள் வரும்.

‘அ’ பதிவேட்டிலிருந்து பொது நிலங்களை மட்டும் தனியே எழுதி, புல எண், வகை, பரப்பு ஆகியவற்றோடு ஊராட்சி அலுவலகச் சுவரில் பலகையாக மாட்டுவது நல்ல தொடக்கம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் அதனைப் படித்துக் காட்டலாம். ஆண்டுதோறும் வட்ட அளவில் நடைபெறும் ஜமாபந்தியில் கிராமக் கணக்குகள் தணிக்கை செய்யப்படுகின்றன. அந்நாளில் பட்டாப் பிழைகளையும், இறந்தோர் பெயரில் உள்ள பட்டாக்களையும், ஆக்கிரமிப்புகளையும் பற்றி மனுக் கொடுக்கலாம். தனித்தனியே செல்வதைவிட, உறுப்பினர் தம் வார்டில் உள்ளோரின் மனுக்களைத் தொகுத்து, ஒவ்வொன்றிலும் புல எண்ணைத் தெளிவாகக் குறித்து அழைத்துச் சென்றால் பயன் மிகுதி.

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்கு

1. நம் வீட்டு நிலத்தின் புல எண், பட்டா எண், பரப்பு ஆகியவை என்ன? பத்திரத்தில் உள்ள பரப்பும் பட்டாவில் உள்ள பரப்பும் ஒத்துள்ளனவா?
2. பட்டாவில் உள்ள பெயர்களில் இறந்தோர் எவரேனும் உளரா? விடுபட்ட வாரிசுகள், குறிப்பாகப் பெண்கள், உளரா?
3. இவ்வாண்டுப் பயிர் அடங்கலில் சரியாக ஏறியுள்ளதா?
4. நம் ஊரில் உள்ள வீடுகள் எத்தனை? வரிப் பதிவேட்டில் உள்ளவை எத்தனை?
5. நம் ஊரின் ஏரி, ஓடை, வண்டிப்பாதை ஆகியவற்றின் புல எண்களும் பரப்பும் என்ன? இன்று நிலத்தில் அப்பரப்பு உள்ளதா?

இவ்வைந்து வினாக்களுக்கும் விடை காண ஒரு மாதம் போதும். பெரும் பொருட்செலவும் வேண்டுவதில்லை. ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் சிலர் உதவினால் போதும். பாட்டன் தேடிய நிலத்தைப் பேரன் வழக்கில் இழவாதிருக்கவும், ஊருக்குப் பொதுவான நீர்வழி ஒருவர் வேலிக்குள் மறையாதிருக்கவும் இந்த உழைப்பு துணை செய்யும். வரும் கிராம சபைக்கு முன்னரே இப்பணியைத் தொடங்குமாறு ஊராட்சி மன்ற உறுப்பினர்களையும் விவசாயப் பெருமக்களையும் கேட்டுக்கொள்கிறோம்.